கேஸ்ட்ரோ படித்துக் கற்பிக்கவும் நினைக்கும் இளம் மருத்துவருக்கு

எம்டி முடிக்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மேடம், டிஎம் கேஸ்ட்ரோ எடுக்கலாமா?" எம்டிக்குப் பிறகு வயிறு, குடல், கல்லீரல் நோய்களுக்கென்றே படிக்கும் சிறப்பு மருத்துவப் படிப்பு அது. தாராளமாக எடுக்கலாம். டிஎம் முடித்த பிறகு வரும் முப்பது வருடங்களை என்ன செய்யப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேமராக் குழாயை வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் போடக் கை பழகியவருக்குத் தனியார் மருத்துவமனையில் நாளைக்கே வேலை கிடைக்கும். அதுவும் நல்ல வேலைதான். நான் எழுதுவது இன்னொரு சாராருக்கு: ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்து நோயாளியைப் பார்த்து, பாடம் நடத்தி, இதுவரை தெரியாத ஒன்றைக் கண்டு சொல்லவும் ஆசைப்படுகிறவர்களுக்கு. அரசு மருத்துவக் கல்லூரியில் மெடிக்கல் கேஸ்ட்ரோ துறையிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. இந்தப் பாதையை அங்கிருந்து பார்த்தே சொல்கிறேன்.

படிப்பின் படிகள் உங்களுக்கே தெரியும். எம்பிபிஎஸ் பயிற்சி வருடத்தோடு சேர்த்து ஐந்தரை ஆண்டு, எம்டி பொது மருத்துவம் 3 ஆண்டு, நீட் எஸ்எஸ் என்ற நுழைவுத் தேர்வு எழுதி டிஎம் 3 ஆண்டு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் டிஎம் இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு என்று ஒதுக்கப்படுவதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் மனம் தளர வேண்டாம். தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லப் பயிற்சி மையங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அதை விட்டுவிடுவோம்.

பாதை எப்படி அமையும் என்று விளக்க எனக்குப் பிடித்த ஒருவரின் பணிவாழ்வை எடுத்துக்கொள்கிறேன். ஷீலா ஷெர்லாக். 1918இல் டப்ளினில் பிறந்து இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வளர்ந்தவர். கல்லீரல் மருத்துவம் தனித் துறையாக எழுந்து நின்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பிரிட்டனில் பொது மருத்துவப் பேராசிரியராக அமர்ந்த முதல் பெண்ணும் அவர்தான். அந்தப் பட்டங்களைப் பார்த்து நான் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் நம் ஊர் அசிஸ்டென்ட் புரொஃபசர் ஒருவரால் தன் அளவில் எடுக்கக் கூடியவை. அதனால்தான் அவர்.

முதலில் நல்ல சீஃப்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவக் கல்லூரிகள் பெண்களை அவ்வளவு எளிதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1936இல் ஷெர்லாக் எடின்பரோவுக்குப் போனார். 1941இல் வகுப்பிலேயே முதலாவதாக வெளியே வந்தார். வந்தும் என்ன? அங்கே பெண்ணுக்கு ஹவுஸ் ஆபீசர் பதவி கிடையாது. அப்போது அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த் தன் துறையில் துணை விரிவுரையாளர் வேலை கொடுத்தார். கல்லீரலுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஆராய்ச்சியை எப்படிச் செய்வது, கட்டுரையை எப்படி எழுதுவது என்று அவர்தான் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். ஷெர்லாக்கின் முதல் கட்டுரை அவரோடு சேர்ந்து எழுதியது.

டிஎம் இடம் தேர்ந்தெடுக்கும்போது நம் பிள்ளைகள் விசாரிப்பது, "அங்கே ஈஆர்சிபி எத்தனை வரும்? கையில் கொடுப்பார்களா?" என்று. ஈஆர்சிபி என்பது ஸ்கோப் வழியாகப் பித்தநாளத்துக்குள் போய்ச் செய்யும் சிகிச்சை. கேட்க வேண்டியதுதான். கூடவே இன்னொன்றையும் விசாரியுங்கள்: அந்த யூனிட்டில் போன வருடம் தீசிஸ், அதாவது படிப்புக்கான ஆய்வேடு, முடித்தவர் அதைக் கட்டுரையாக வெளியிட்டாரா? முதல் வரைவை சீஃப் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தாரா, பெயரை மட்டும் சேர்த்துக்கொண்டாரா? இதை இணையதளம் எதுவும் சொல்லாது. அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறவரை டீக்கடையில் பிடித்துக் கேட்டால் சொல்லிவிடுவார். ஸ்கோப்பை வேறு எங்கு போயும் கற்றுக்கொள்ளலாம். எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் அமைவது அபூர்வம்.

கட்டிலில் நிறைந்திருக்கும் நோயை எடுங்கள்

1942இல் ஷெர்லாக் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் ஜான் மெக்மைக்கேலிடம் ஹவுஸ் பிசிஷியனாகச் சேர்ந்தார். போர்க்காலம். காமாலை நோயாளிகள் குவிந்தார்கள். ஒரு பக்கம் தொற்றுக் காமாலை. இன்னொரு பக்கம், ரத்தத்திலிருந்து எடுத்த ஊசிப் பொருள்கள் செலுத்தப்பட்ட பின் வரும் காமாலை. சிபிலிஸுக்கு ஆர்சனிக் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் காமாலை வந்தது. மருந்தின் நஞ்சு என்றுதான் பலர் நினைத்தார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிக் குழாய்தான் அந்த கிளினிக்குகளில் நோயைப் பரப்பியது என்பது பிறகு தெளிவானது.

அப்போதும் புழக்கத்தில் இருந்த பழைய எண்ணம் ஒன்று உண்டு. பித்தநாள வாயில் சளி அடைத்துக்கொள்வதால்தான் இந்தக் காமாலை வருகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் விர்ஹோ சொல்லிவிட்டுப் போனது. இறந்தவரின் கல்லீரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வழக்கு தீராது. பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்களே! உயிரோடு இருப்பவரின் கல்லீரலிலிருந்து ஒரு துணுக்கு வேண்டும். கோபன்ஹேகனில் இவெர்சனும் ரோஹோல்மும் ஊசியால் உறிஞ்சி எடுக்கும் முறையை 1939இல் எழுதியிருந்தார்கள். மெக்மைக்கேல், நோயியல் நிபுணர் டிபிள், இளம் ஷெர்லாக் மூவரும் அதைக் கையில் எடுத்தார்கள். 1943இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அவர்கள் கட்டுரை, மூன்று வகைக் காமாலையிலும் கல்லீரல் செல்களே ஒரே மாதிரி அழற்சிப்பட்டுச் சிதைவதைக் காட்டியது. ஷெர்லாக்கின் எம்டி ஆய்வேடும் இதைப் பற்றியதே. 1945இல் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

கவனியுங்கள்: ஊசி டென்மார்க்கிலிருந்து வந்தது, நோயாளிகள் போரால் வந்தார்கள், கேள்வி எண்பது வருடப் பழசு. இந்த மூன்றும் ஒரே வார்டில் கூடிய நேரத்தில் அதைக் கண்டுகொள்ள ஆள் இருந்தார்கள்.

நம் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. வேலூர் சிஎம்சியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாதனும் சுற்றுக் கிராமங்களில் பரவிய நாள்பட்ட வயிற்றுப்போக்கைத் தொடர்ந்து போய் ஸ்ப்ரூ நோயை ஆராய்ந்தார்கள். கேரளத்தில் கீவர்கீஸ், கணையத்தில் கல்லும் உடம்பில் சர்க்கரையுமாக வந்த மெலிந்த இளைஞர்களைப் பற்றி 1960களில் எழுதித் தள்ளினார். இரண்டுமே அவரவர் வாசலுக்கு வந்த நோய்கள்.

ஆகவே தீசிஸ் தலைப்பு தேடி வெளிநாட்டு ஜர்னலைப் புரட்டும் முன், உங்கள் வார்டு அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்து ஒரு வருடப் பக்கங்களைப் பாருங்கள். மதுவால் கெட்ட கல்லீரல், நஞ்சால் செயலிழந்த கல்லீரல், குடல் காசநோயா கிரோன் நோயா என்று தீராத குழப்பம், நாட்டு மருந்து சாப்பிட்டபின் வந்த காமாலை. எது அடிக்கடி வருகிறது, எதில் நாம் இன்னும் குருட்டாம்போக்கில் மருந்து எழுதுகிறோம் என்று குறியுங்கள். அங்கேதான் உங்கள் தலைப்பு இருக்கிறது.

ஒரு கருவியைக் கைக்குள் கொண்டுவாருங்கள்

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யத் தெரிவது பிழைப்புக்கு உதவும். ஆராய்ச்சிக்கு, ஒன்றில் மற்றவர் உங்களைத் தேடி வரும் அளவுக்குத் தேர்ச்சி வேண்டும். ஷெர்லாக்குக்கு அது ஊசியால் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. இன்று ஊசி இல்லாமலே கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வந்து அதன் தேவை குறைந்திருக்கிறது. ஸ்கேன் பார்த்தே ஊசியைச் செலுத்துகிறோம். ஆனாலும் பழைய முறையில் எடுத்துக் காட்டுவதை நான் பிஜிக்களுக்கு, அதாவது மேற்படிப்பு மாணவர்களுக்கு, விடாமல் சொல்லிக்கொடுத்தேன். கை எப்படிப் பொறுமை கற்கிறது என்பது அதில் தெரியும்.

முந்தைய நாளே ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் புரோத்ராம்பின் நேரமும் தட்டணு எண்ணிக்கையும் கையில் இருக்க வேண்டும். வயிற்றில் நீர் கோத்திருந்தாலோ ரத்தம் உறையத் தாமதித்தாலோ இந்த வழியே வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் (சிரை) வழியாகப் போக வேண்டும். நோயாளியைக் கட்டிலின் வலது ஓரத்துக்கு மல்லாந்து நகரச் சொல்லுங்கள். வலது கை தலைக்குக் கீழே. அக்குளின் நடுக்கோட்டில் விரலால் தட்டிக்கொண்டே கீழே வாருங்கள். மூச்சை வெளியே விட்ட நிலையிலும் மந்தமான ஓசை கேட்கும் விலா இடைவெளிதான் இடம். கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டி மரப்பு மருந்து, தோலில் சின்னக் கீறல். இனிமேல்தான் முக்கியம்: மூச்சை உள்ளே இழு, வெளியே விடு, அப்படியே நிறுத்து என்பதை ஊசி இல்லாமலே நோயாளியோடு சேர்ந்து பல முறை பழகுங்கள். பதற்றத்தில் பாதிப் பேர் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திவிடுவார்கள். 1958இல் மெங்கினி கொண்டுவந்த ஊசி கல்லீரலுக்குள் இருப்பது ஒரு நொடிதான். பழகுவதற்கு ஆகும் நேரத்தில்தான் நோயாளியின் பத்திரம் இருக்கிறது.

எடுத்த பிறகு வலப்பக்கமாகப் படுக்கவைத்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் முதல் சில மணி நேரம் விடாமல் பாருங்கள். ரத்தக்கசிவு வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். துணுக்கை ஃபார்மலினில் போட்டு அட்டென்டரிடம் கொடுத்தனுப்பி முடித்துக்கொள்ளாதீர்கள். நீங்களே பேத்தாலஜிக்குப் போய் மைக்ரோஸ்கோப்பில் அவர்களோடு சேர்ந்து பாருங்கள். டிபிளும் ஷெர்லாக்கும் ஒரே கட்டுரையில் பெயர் போட்டது சும்மா இல்லை.

தினமும் எழுதிவையுங்கள்

1954இல் ஷெர்லாக்கும் சமர்ஸ்கில், ஒயிட், ஃபியர் ஆகியோரும் கல்லீரல் நோயில் வரும் மூளைக் குழப்பத்தைப் பற்றி லான்செட்டில் எழுதினார்கள். குடலில் உருவாகும் நைட்ரஜன் பொருள்கள் கல்லீரலைத் தாண்டி நேராக உடல் ரத்தத்தில் கலப்பதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். இன்று நாம் லாக்டுலோஸ், ரிஃபாக்ஸிமின் என்ற மருந்துகளை எழுதுவது அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. அன்று உணவில் புரதத்தை வெட்டச் சொன்னது மட்டும் நிலைக்கவில்லை. கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிய சிரோசிஸ் நோயாளிக்கு நாம் இப்போது புரதத்தைக் குறைப்பதில்லை, போதுமான அளவு கொடுக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் காமாலை என்றாலே மோர்சாதம் மட்டும் போட்டுப் பத்தியம் காக்கிறார்கள். ஓபியில் இதைச் சொல்லி மாற்றவே ஒரு ஆள் வேண்டும். பேராசிரியர் ஆனாலும் இது உங்கள் வேலைதான்.

இந்த மூளைக் குழப்பத்தைக் கவனிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லி விரல்கள் படபடக்கின்றனவா என்று பாருங்கள். தினமும் காலையில் கேஸ் ஷீட்டிலேயே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முந்தாநாள் "முருகேசன்" என்று நேராக இருந்த எழுத்து நேற்று கோட்டை விட்டு இறங்கியிருக்கும். இன்று "முரு" என்பதோடு பேனா நின்றிருக்கும். மகனிடம் கேட்டால் "அப்பா நல்லாதானே பேசுறாரு" என்பார். ஆனால் காகிதம் முன்னமே சொல்லிவிட்டது. எழுதத் தெரியாதவரிடம் தீக்குச்சிகளைக் கொடுத்து, நாம் அடுக்கிக் காட்டிய நட்சத்திரத்தை அதே மாதிரி அடுக்கச் சொல்லுங்கள். அதையும் தேதி போட்டு வரைந்துவையுங்கள். ஒரே நோயாளியின் இந்தப் பக்கங்களை வரிசையாக வைத்து வகுப்பு எடுத்தால், மாணவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அதே பக்கங்கள் நூறு பேருக்குச் சேர்ந்தால் அது ஆய்வு.

அடுத்த கட்டிடத்துக்குப் போங்கள்

நடுவயதுப் பெண், மாதக்கணக்கில் உடம்பு முழுக்க அரிப்பு, பிறகு மெல்ல ஏறும் காமாலை. இப்படிப்பட்ட நோயாளிகள் ஷெர்லாக்கிடம் வந்து சேர்ந்தார்கள். லண்டனின் இன்னொரு மருத்துவமனையான மிடில்செக்ஸில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட்டுடன் சேர்ந்து தைராய்டு சுரப்பியை உடலே தாக்கும் நோயை ஆராய்ந்தவர். ஒருவரிடம் நோயாளிகள், இன்னொருவரிடம் ஆய்வகம். வாக்கர், டோனியாக், ராய்ட், ஷெர்லாக் என நான்கு பெயர்களோடு 1965இல் வந்த கட்டுரை, இந்தப் பித்தநாள நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருப்பதைச் சொன்னது. இன்றும் அதே பரிசோதனையைத்தான் நாம் எழுதி அனுப்புகிறோம்.

1971இல் வந்தது இன்னும் முக்கியமானது. உடலே கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் உயிர் பிழைப்பவர் கூடுவதை, கொடுத்தவர் கொடுக்காதவர் என்று பிரித்து நடத்திய ஆய்வில் குக், முல்லிகன், ஷெர்லாக் காட்டினார்கள். அது அரிய நோய். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் நோயாளிகள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் இப்படி ஓர் ஆய்வு நடத்த முடியும். உங்கள் கிளினிக் எந்தக் கிழமை, எந்த நோய்க்கு என்று சுற்று மாவட்ட மருத்துவர்களுக்குத் தெரியும்படி செய்யுங்கள். அனுப்பிய மருத்துவருக்கு நான்கு வரியில் பதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த நோயாளி தானாக வருவார்.

வெளியே போய்த் திரும்புவது

1947இல் ராக்பெல்லர் நிதியில் ஷெர்லாக் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரு வருடம்தான். திரும்பி ஹாமர்ஸ்மித்துக்கே வந்து 30 வயதில் விரிவுரையாளராகவும் ஆலோசகராகவும் அமர்ந்தார். உங்களுக்கும் ஃபெலோஷிப் கிடைத்தால் போய்வாருங்கள். போகும் முன்பே எந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே இருக்கும் எல்லா இயந்திரத்தையும் வேடிக்கை பார்த்தால் வருடம் ஓடிவிடும்.

யூனிட்டும் புத்தகமும்

1959இல் ராயல் ஃப்ரீ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியரானதும் அவர் முதலில் கட்டியது கல்லீரல் யூனிட். 1974இல் ஹாம்ஸ்டெட்டின் புதிய கட்டிடத்துக்குப் போகும்வரை கிரேஸ் இன் சாலையின் பழைய மருத்துவமனையில்தான் அது இருந்தது. பல நாடுகளிலிருந்து இளம் மருத்துவர்கள் வந்து படித்துத் திரும்பி, அவரவர் ஊரில் கல்லீரல் துறை தொடங்கினார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பல இந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதியவை.

அதற்கும் முன்னால், 1955இல், கல்லீரல், பித்தநாள நோய்களுக்கான பாடநூலைத் தனியாளாக எழுதியிருந்தார். பதிப்புக்குப் பதிப்பு தானே திருத்திவந்தார். நாற்பது வயது ஆகும் முன் பாடநூலா என்று மலைக்காதீர்கள். வகுப்புக்கு நீங்கள் எழுதும் குறிப்பை வருடா வருடம் தூக்கி எறியாமல் திருத்திக்கொண்டே வந்தால், பத்து வருடத்தில் அதுவே நூலாகிவிடும். தமிழில் நோயாளிகளுக்கு ஒரு கையேடு எழுதுவதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரோசிஸ் என்றால் என்ன, உப்பை எவ்வளவு குறைப்பது, எப்போது ஓடிவர வேண்டும் என்பதற்கு எட்டுப் பக்கம் போதும்.

பெண் பிஜிக்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாணமா டிஎம்மா என்று வீட்டில் நெருக்குவார்கள். ஷெர்லாக் 1951இல் ஜெரைன்ட் ஜேம்ஸ் என்ற மருத்துவரை மணந்தார். அதே வருடம் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸின் ஃபெலோ ஆனார். அதுவரை அந்தத் தகுதி பெற்ற பெண்களில் மிக இளையவர். பாடநூலும் பேராசிரியர் பதவியும் இரண்டு மகள்களும் அதற்குப் பிறகு வந்தார்கள். கணவரும் ஆராய்ச்சி செய்பவர், அவருக்கும் அந்த வேலையின் அருமை தெரியும். உங்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். துறைத்தலைவராக இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: பேறுகால விடுப்பில் போகும் பெண்ணின் பெயரை ஆய்விலிருந்து எடுக்காதீர்கள். அவள் சேர்த்த நோயாளிகள் அவள் கணக்கில்தான் இருக்க வேண்டும்.

இந்த மாதமே தொடங்குவதற்கு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கீழ் சென்னையில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் (என்ஐஇ) உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கான அடிப்படைப் பயிற்சியை இணையவழியில் நடத்துகிறது. பிஜிக்களுக்கு அது கட்டாயம் என்பதால் பலர் சான்றிதழுக்காக ஓட்டிவிட்டுப் போகிறார்கள். ஆய்வுக் கேள்வியை எழுதுவது, எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுவது ஆகிய பாடங்களை மட்டுமாவது இரண்டு முறை கேளுங்கள். எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் வரும்முன் ஒரு நோயாளியைக்கூட ஆய்வில் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கும் வழி கிடையாது. சம்மதப் படிவத்தைத் தமிழில் நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்ப்புக் கடையில் கொடுத்தால் நோயாளிக்குப் புரியாத தமிழில் வரும்.

அரசுப் பணியில் இருப்பவருக்கு மாறுதல் உத்தரவு எந்த நாளும் வரலாம். அதனால் ஆய்வுப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள்: நீங்கள் ஒருவர், அதே யூனிட்டில் தொடரப்போகிற இன்னொருவர். நோயாளியின் பெயருக்குப் பதில் எண் கொடுங்கள். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் துறைத்தலைவர் அலமாரியில் பூட்டி இருக்கட்டும். உத்தரவு வந்த அன்று அவசரத்தில் நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அது மருத்துவமனையின் சொத்து, அடுத்த ஓபிக்கு அந்த நோயாளிகள் அங்கேதான் வருவார்கள். யார் முதல் பெயர், யார் கடைசிப் பெயர் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, அதையும் அந்த அலமாரியிலேயே வைத்துவிட்டுப் புது ஊருக்குப் போய்ச் சேருங்கள்.